மையஸ்தீனியாவோடு கர்ப்பம்: மலையிலிருந்து பிரசவ வார்டு வரை

கல்வராயன் மலையில் ஒரு பெண்ணுக்கு இமை சரிந்து பேச்சும் குழறினால், சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது “பூச்சி கீச்சி கடிச்சுதா?” என்றுதான். கேட்பது நியாயமே. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் கட்டுவிரியன் கடித்தால் பல் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறக்க முடியாது. ஆகவே நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்தவருக்கு இன்று திடீரென்று இமை விழுந்தால் இந்த அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாம் இங்கே பார்க்கப்போவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்து வந்து போகும் சோர்வை. காலையில் கண் நன்றாகத் திறந்திருக்கும். பொழுது சாயச் சாய ஒரு இமையோ இரண்டுமோ இறங்கும். எதிரே வரும் ஆள் இரண்டாகத் தெரிவார். சாப்பிட உட்கார்ந்தால் முதல் பத்து வாய் சரியாகப் போகும், அப்புறம் தாடை ஓய்ந்துவிடும். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் கை தானாக இறங்கிவிடும். சற்றுப் படுத்து எழுந்தால் எல்லாம் திரும்பிவிடும். இதுதான் மையஸ்தீனியா கிராவிஸ். அமிதாப் பச்சனுக்கு 1980-களில் வந்த நோய் என்று சொன்னால் வயதானவர்கள் சிலருக்கு நினைவு வரும்.

கர்ப்பிணிக்கு இது முதன்முறையாகத் தலைகாட்டும்போது ஒரு சிக்கல் உண்டு. அசதி என்று எந்தத் தாய் சொன்னாலும் “ரத்தம் இல்ல, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடு” என்ற பதில் தயாராக இருக்கும். பெரும்பாலும் அதுவே சரியான பதிலாகவும் இருக்கும். ஆனால் ரத்தசோகை இமையைச் சரிய வைக்காது. குடித்த தண்ணீரை மூக்கு வழியாக வரவைக்காது. காலையில் ஒரு குரலும் மாலையில் மூக்கடைத்தது போன்ற வேறொரு குரலும் தராது. சரிந்த இமையின் மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். இமை கொஞ்சம் உயர்ந்தால் அது நல்ல தடயம். உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் நரம்பைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டும். இரண்டும் கர்ப்பத்தில் செய்யக்கூடியவையே.

இதைத் தசைச்சிதைவு நோயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கிய வானவன் மாதேவி, இயலிசை வல்லபி சகோதரிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவர்களுக்கு இருந்தது தசையே தேய்ந்துகொண்டு போகும் பரம்பரை நோய். மையஸ்தீனியாவில் தசையும் நன்றாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது. பம்புசெட்டுக்குக் கரண்ட் வருகிறது, மோட்டாரிலும் பழுதில்லை, நடுவில் ஸ்டார்ட்டர் மட்டும் பிடிக்கவில்லை என்பதுபோல. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்து தசையில் உள்ள ஏற்பிகளைத் தொட்டால்தான் தசை சுருங்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறிப்போய் அந்த ஏற்பிகளை அடைத்து அழிக்கிறது. இது தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரம்பரையாகப் போகும் நோய் இல்லை. (பிறவியிலேயே வரும் மையஸ்தீனியா என்று ஒரு தனி வகை உண்டு. அது மரபணுக் கோளாறு. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அதிகம் வரும். வீட்டில் சிறு வயதிலிருந்தே இமை தொங்கும் அண்ணன் தம்பி யாராவது இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.)

பாம்புக் கடியோடு தொடங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1934-ல் லண்டன் கிரீன்விச்சில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், இந்த நோய் கியுராரே என்ற அம்பு விஷம் ஏறியது போலவே இருக்கிறதே என்று கவனித்தார். அந்த விஷத்துக்கு மாற்றாக அறியப்பட்டிருந்த மருந்தை நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். சரிந்த இமை எழுந்தது. இன்று நீங்கள் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த மருந்தின் வழிவந்தது. நல்லபாம்புக் கடிக்கு நம் அரசு மருத்துவமனைகளில் போடும் நியோஸ்டிக்மின் ஊசியும் அதே குடும்பம்தான். ஆகவே இந்த மருந்தை மலையடிவார நர்ஸுக்கும் தெரியும், நோயைத்தான் தெரியாது. கர்ப்பத்தில் பெரிய ஆபத்து பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. நோய் முற்றிக் கெடுவதைவிட, நல்லெண்ணத்தோடு போடப்படும் ஒரு தப்பான ஊசி சீக்கிரம் கெடுத்துவிடும்.

கல்யாணத்துக்கும் கர்ப்பத்துக்கும் முன்னால்

மையஸ்தீனியா உள்ள பெண் பிள்ளை பெறக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான கண்காணிப்பில் பெரும்பாலானோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். ஆனால் நாள் தள்ளிப்போன பிறகு டாக்டரைத் தேடக் கூடாது; குழந்தைக்குத் தயாராவதற்குச் சில மாதங்கள் முன்பே பேசிவிட வேண்டும்.

காரணம் மாத்திரைகள். மைக்கோஃபினோலேட் சாப்பிடுகிறவர் கருத்தரிப்பதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே அதை விட்டிருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரண்டும் கருவின் உருவாக்கத்தையே குலைக்கக்கூடியவை. வேறு மருந்துக்கு மாறி, அதில் உடம்பு நிலைபெற்ற பிறகுதான் கருத்தரிக்க வேண்டும். பைரிடோஸ்டிக்மினும் பிரெட்னிசோலோனும் கர்ப்பத்தில் தொடரக்கூடியவை. அசாதையோப்ரின் தேவைப்படுகிறவர்களுக்கு அதையும் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியை எடுக்கும் அறுவை சிகிச்சை உங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தால், ஒன்று கர்ப்பத்துக்கு முன்னால், அல்லது பிரசவத்துக்குப் பின்னால். அதன் பலன் தெரிய மாதங்கள், வருடங்கள் ஆகும் என்பதால் நடுவில் அவசரப்பட்டுச் செய்வதில் லாபமில்லை. தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறும் சேர்ந்து வருவதுண்டு.

புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடும் மருமகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெண் கொடுக்கும் வீட்டின் பயம் புரிகிறது. ஆனால் நடுராத்திரி மூச்சு திணறும்போது ஆம்புலன்ஸில் கூட வரப்போவது மாமியாரும் கணவரும்தான். என்ன நோய், எந்த மருந்து ஆகாது என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால், இந்த நூல் அலமாரியில் இருந்தும் பயனில்லை. என்னைக் கேட்டால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நல்லது.

முதல் மூன்று மாதம்

கர்ப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் கூடும், ஒரு பங்கினருக்குக் குறையும், மீதிப் பேருக்கு அப்படியே இருக்கும். கூடுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களிலும். முதல் பிரசவம் சுலபமாகப் போனது என்பதற்காக இரண்டாவதும் அப்படியே போகும் என்று கணக்குப் போட முடியாது.

மசக்கை வாந்தியில் மாத்திரையும் வெளியே வந்துவிடும். மாத்திரை போட்டு எத்தனை நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடலாம் என்பதை டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பைரிடோஸ்டிக்மினின் வேலை மூன்று, நான்கு மணி நேரம்தான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் மெல்லவும் விழுங்கவும் தெம்பு கிடைக்கும். மாதம் ஏற ஏற ரத்தத்தின் அளவு கூடும், சிறுநீரகம் வேகமாக வேலை செய்யும். பழைய அளவு போதாமல் போகலாம். அதற்காக நீங்களே ஒன்று இரண்டு கூட்டிப் போட்டால் வயிற்றைப் பிசைந்து பேதி, எச்சில் ஊறுதல், சதைத் துடிப்பு என்று வரும். அளவு மிதமிஞ்சினால் பலம் வருவதற்குப் பதில் பலவீனமே வரும்.

வாய்க்கு எது எளிது? மலையில் விளையும் சாமையில் கஞ்சி, கூழ், குழைந்த களி, மசித்த மரவள்ளி. தண்ணீர் போன்ற பானத்தைவிடக் கெட்டியான கூழ் புரையேறாமல் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்குங்கள். பெரிய சாப்பாட்டைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கிராம சுகாதார செவிலியரிடம் உடனே பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் (ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து) முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் வேண்டும். அதைவிட முக்கியம், செவிலியரின் பதிவேட்டில் ‘ஹை ரிஸ்க்’ தாய் என்று உங்கள் பெயர் ஏறுவது.

ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். சென்னையின் டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த குளுக்கோஸ் தண்ணீர் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி கழித்து அளவு 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்ப காலச் சர்க்கரை. மற்றவர்களைவிட நீங்கள் இதை ஒழுங்காகச் செய்துகொள்ள வேண்டும்.

மேக்சல்ஃப்

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும்.

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி கண்டால் மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். வார்டில் அதற்கு ‘மேக்சல்ஃப்’ என்று பெயர். 33 நாடுகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு, இந்த ஊசி ஜன்னி வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. நம் நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே, இரண்டு பிட்டத்திலும் முதல் தவணையைப் போட்டுவிட்டு வண்டி ஏற்ற வேண்டும் என்று செவிலியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். லட்சக்கணக்கான தாய்மார்களுக்கு அது உயிர் காக்கும் பயிற்சி.

உங்களுக்கு மட்டும் அது ஆகாது. நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் சுரப்பதையே மெக்னீசியம் குறைக்கும். ஏற்கெனவே பாதி ஏற்பிகள் அடைபட்ட உடம்பில் அதுவும் குறைந்தால் மூச்சுத் தசை நின்றுபோகலாம். போடுகிறவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் கற்றதைச் செய்கிறார். அவருக்குத் தெரியவைப்பது உங்கள் பக்கத்து வேலை. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது குழந்தையின் மூளையைக் காக்கவும் இதே ஊசியைப் போடுவதுண்டு, அதனால் ‘எனக்கு பி.பி. இல்லையே’ என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஜன்னிக்கு மாற்று மருந்துகள் உண்டு, லெவெட்டிராசெட்டம் ஒன்று. எதை, எப்படி என்பதை நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் முன்கூட்டியே முடிவுசெய்து எழுத வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகத் தரும் லாபெட்டலால் மாத்திரையும் சோர்வைக் கூட்டக்கூடியது. மெத்தில்டோபா போன்ற வேறொன்று தர முடியுமா என்று கேளுங்கள்.

அடுத்து காய்ச்சல், நீர்க்கடுப்பு. கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று சகஜம், தொற்று வந்தாலே மையஸ்தீனியாவும் ஏறும். ஆகவே சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. எந்த ஆன்டிபயாடிக் என்பதில்தான் கவனம். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை நரம்புக்கும் தசைக்கும் நடுவிலான பேச்சைக் குலைப்பவை. மலேரியா மருந்துகளான குயினைனும் குளோரோகுயினும் அப்படியே. பென்சிலின் குடும்பமும் செஃபலோஸ்போரின் வகைகளும் பொதுவாகப் பாதுகாப்பானவை. மெடிக்கல் ஷாப்பில் “காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று வாங்குவதையும், பெயர் சொல்லாமல் ஊசி போடும் கிளினிக்குகளையும் இந்தப் பத்து மாதம் அடியோடு விட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் வாயால் சொல்ல முடியாது. நோய் முற்றும் நேரத்தில் குரலே எழும்பாது. அதனால்தான் தாள். நரம்பியல் மருத்துவரிடம் ஒரே பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். முதல் வரியில் நோயின் பெயர். இரண்டாவது வரியில் சிவப்பில், மெக்னீசியம் சல்பேட் கூடாது. அடுத்து ஆகாத மருந்துகள், சாப்பிடும் மருந்துகளின் அளவும் நேரமும், தைமஸ் அறுவை நடந்ததா, முன்பு வென்டிலேட்டரில் இருந்ததுண்டா, அழைக்க வேண்டிய தொலைபேசி எண். டாக்டர்கள் படிப்பது ஆங்கிலத்தில் இருக்கட்டும், கீழே தமிழிலும் இருக்கட்டும். ஒரு நகலைத் தாய் சேய் அட்டைக்குள் ஒட்டிவிடுங்கள், ஒன்று செவிலியரிடம், ஒன்று கணவரின் சட்டைப்பையில், ஒரு படம் வீட்டில் உள்ள எல்லாப் போன்களிலும். மலையில் சிக்னல் போய் வரும் இடங்களில் போன் படத்தைவிடக் காகிதம் நம்பகமானது.

எங்கே பிரசவம்

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. பத்து வருடம் முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். சாதாரணப் பிரசவத்துக்கு மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லை. உங்களுக்கோ ஒரே கூரையின் கீழ் நான்கு வசதி வேண்டும்: மகப்பேறு, நரம்பியல், வென்டிலேட்டரோடு தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை. நெருக்கடியில் பிளாஸ்மா மாற்றமோ இம்யூனோகுளோபுலினோ தர வசதியிருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் கர்ப்பத்தில் தரலாம். நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் இந்த நான்கும் ராத்திரியிலும் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லையென்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, விழுப்புரம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று பார்க்க வேண்டும். 2024 ஜூன் கள்ளச்சாராயத் துயரத்தில் நோயாளிகளைக் கொண்டுபோனதும் இந்த மூன்று இடங்களுக்குத்தான். அந்தப் பாதை ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அத்துப்படி.

மலையிலிருந்து இறங்குவது தனிக் கதை. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு ஒரு பாதை. மேற்கே கருமந்துறை வழியாகச் சேலம் பக்கம் இறங்க இன்னொரு பாதை. உங்கள் ஊரிலிருந்து எது கிட்டம் என்பதை வைத்தே ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். சில குக்கிராமங்களுக்கு இன்னமும் வண்டி போகாது. இந்த மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகிக்கலாம். எனவே வலி எடுத்த பிறகு இறங்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். 36-ஆம் வாரத்துக்குள் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் போய்விடுங்கள். மலைவாழ் தாய்மார்களுக்கென அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருக்கும் பிரசவ காத்திருப்பு அறை நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது சிக்கலில்லாத பிரசவத்துக்கு. உங்களுக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் செவிலியரும் வட்டார மருத்துவ அலுவலரும் கடிதம் தர முடியும், கேட்டு வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுன்டரில் விசாரித்து வையுங்கள். பைரிடோஸ்டிக்மின் எல்லாக் கடையிலும் கிடைக்கும் மாத்திரை இல்லை. மழைக்காலத்தில் பாதை அடைபட்டாலும் சமாளிக்க ஒரு மாத இருப்பு எப்போதும் கையில் வேண்டும்.

தூக்கிக்கொண்டு வர நேர்ந்தால், டோலியானாலும் ஸ்ட்ரெச்சரானாலும், மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். உதரவிதானம் சோர்ந்தவருக்கு மல்லாந்தால் மூச்சு இன்னும் முட்டும். வயிற்றுக் குழந்தையின் பாரமும் ரத்தக்குழாயை அழுத்தும். தலைப்பக்கம் உயர்த்தி, இடப்பக்கம் சாய்த்துக் கொண்டுவாருங்கள்.

எப்போது ஓட வேண்டும்? மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாளில் எத்தனை வரை போகிறது என்று குறித்து வைத்து, வாரம் ஒரு தடவை பாருங்கள். வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்தாலோ இருபதைத் தொட முடியாவிட்டாலோ அன்றே கிளம்ப வேண்டும். எச்சிலை விழுங்க முடியவில்லை, தலையைத் தூக்கி நிறுத்த முடியவில்லை, இருமல் வலுவாக வரவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலும் அப்படியே. விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். இந்த நோயில் ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் விழும். விழுந்த பிறகு நேரமிருக்காது.

பிரசவ அறையில்

கருப்பை வேறு வகைத் தசை. மையஸ்தீனியா அதைத் தொடாது. ஆகவே வலி எடுப்பதும் வாய் திறப்பதும் எல்லோருக்கும் போலத்தான் நடக்கும். முக்கித் தள்ள வேண்டிய கட்டத்தில் வயிற்றுத் தசை சோர்ந்துவிடும். அங்கே வாக்குவம் அல்லது ஆயுதம் வைத்து எடுக்க நேரலாம். இந்த நோய் இருக்கிறது என்பதற்காகவே சிசேரியன் தேவையில்லை. மற்ற தாய்மார்களுக்கு எந்தக் காரணத்துக்குச் செய்வார்களோ அந்தக் காரணத்துக்குத்தான். வலி குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் இவர்களுக்கு நல்ல வழி. மயக்க மருந்து டாக்டரை வலி எடுக்கும் முன்பே, ஏழாம் எட்டாம் மாதத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முழு மயக்கத்தில் தரும் தசைத் தளர்த்தி மருந்துகளுக்கு உங்கள் உடம்பு வழக்கம் போல நடந்துகொள்ளாது என்பதை அவர் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும்.

வலியோடு வந்தவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று வார்டில் சொல்வதுண்டு. பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு நேரம் தவறாமல் தர அனுமதி வாங்குங்கள். அந்த வகை மருந்தை நரம்பு வழியாக ஏற்றினால் கருப்பை சுருங்கக்கூடும் என்பதால் கர்ப்பத்தில் மாத்திரையே முதல் தேர்வு. நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்குப் பிரசவ நேரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும். தாளில் அதுவும் ஒரு வரி.

குழந்தை

தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகிறது. பத்தில் ஒன்று, இரண்டு குழந்தைகளுக்கு அதனால் தற்காலிகச் சோர்வு வரும். அழுகை சன்னமாக இருக்கும், மார்பில் சப்பாது, உடம்பு துவண்டிருக்கும், சில சமயம் மூச்சும் தளரும். தாய்க்கு நோய் லேசாக இருந்தாலும் குழந்தைக்கு வரலாம். பிறந்ததும் நன்றாக இருந்துவிட்டு முதல் மூன்று நாளுக்குள் தொடங்குவதுண்டு என்பதால், “எல்லாம் நல்லா இருக்கு” என்று இரண்டாம் நாளே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. அந்த நாட்களைப் பச்சிளங்குழந்தைப் பிரிவின் கண்பார்வையில் கழியுங்கள். பால் குடிக்கும் முன் மருந்து தருவார்கள். எதிர்ப்பொருள் தேயத் தேயச் சில வாரங்களில் சரியாகிவிடும், தழும்பில்லாமல்.

வயிற்றிலேயே அசைவு குறைந்து, பனிக்குட நீர் அதிகமாக இருந்தால் அது அபூர்வமான, கடுமையான வகைக்கு அடையாளமாக இருக்கலாம். அசைவு குறைந்த நாளை அலட்சியம் செய்ய வேண்டாம்.

பாட்டிமார்களிடம் ஒரு வேண்டுகோள். சேனை வைக்கும் வழக்கத்தை இந்தக் குழந்தைக்கு விட்டுவிடுங்கள். எந்தக் குழந்தைக்கும் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். விழுங்கும் தசை சோர்ந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் உரை மருந்தும் நேரே மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

வீடு திரும்பிய பிறகு

பைரிடோஸ்டிக்மின், பிரெட்னிசோலோன், அசாதையோப்ரின் சாப்பிடும் தாய் பால் கொடுக்கலாம். மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட் இரண்டுக்கும் திரும்புவதானால் பால் கொடுப்பது பற்றி டாக்டரிடம் பேசியே முடிவுசெய்ய வேண்டும். பிரசவத்தில் தப்பித்துவிட்டோம் என்று எல்லோரும் மூச்சுவிடும் இந்த மாதங்களில்தான் நோய் எகிறும். தூக்கமில்லாத இரவு ஒவ்வொன்றும் தசையிலிருந்து கழிந்துகொண்டே போகும். ராத்திரி ஒரு வேளைப் பாலைப் பிழிந்து வைத்து, கணவரோ அம்மாவோ பாலாடையில் புகட்டினால் தாய்க்கு ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் கிடைக்கும். அந்தத் தூக்கத்தையும் மருந்துச் சீட்டில் எழுத வேண்டும் என்பேன். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைப்பது, நெருப்புச் சட்டியின் புழுக்கத்தில் அடைத்து வைப்பது இரண்டும் வேண்டாம். வெக்கை சோர்வைக் கூட்டும். கையில் திடீரென்று பலம் போகும் என்பதால் குழந்தையை நின்றுகொண்டு குளிப்பாட்டாமல் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு குளிப்பாட்டுங்கள்.

அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட காப்பர்-டி வசதியானது. பிரசவம் முடிந்த கையோடு வைத்துவிடலாம், அதற்காக இன்னொரு மயக்க ஊசி தேவையில்லை.

குழந்தைக்கு 6-ஆவது வாரத் தடுப்பூசி விழும் வாரத்திலேயே உங்கள் நரம்பியல் சந்திப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குத் தவறாமல் மலையிறங்கும் குடும்பங்கள் தாயின் மாத்திரைக்கு இறங்க மறந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் முடியுங்கள், தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள், மாறிய அளவுகளை அன்றைக்கே அதில் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.